தைப்பட்டத் தோட்டம்: நோயுற்றோரும் பேணுவோரும் சேர்ந்து திட்டமிட

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மருந்து, உணவு, மறுபரிசோதனை ஆகியவற்றைப் பற்றியவை. அவை முடிந்த பின், கிளம்பும் நேரத்தில் சிலர் தயங்கியபடி இன்னொன்றும் கேட்பார்கள்: "வீட்டில் செடி கொடி இருக்கிறது. இனிமேல் நான் மண்ணைத் தொடலாமா?" நாங்கள் விடை கூறுமுன் உடனிருக்கும் மகளோ மருமகளோ, "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம்" என்று கூறிவிடுவதும் உண்டு. அந்த விடை அக்கறையினால் வருவது. ஆயினும் பலருக்கு அது தேவைக்கு மிஞ்சிய தடை. சிலருக்கு மட்டும், அதுவும் சில காலத்துக்கு மட்டும், அதுவே சரியான விடை. யார் எந்த வகையினர் என்பதை அறிந்து தோட்டத்தைத் திட்டமிட உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் தை மாதம்?

குளிர்நாடுகளில் பனி உருகும் வசந்தகாலமே தோட்டம் தொடங்கும் பருவம். நம் தமிழகத்திலோ இளவேனில் எனப்படும் சித்திரையும் வைகாசியும் அக்கினி நட்சத்திர வெயில் அடிக்கும் மாதங்கள். அப்போது நட்ட நாற்று வாடும், நட்டவரும் வாடுவார். ஆகவே நம் உழவர்கள் ஆடிப்பட்டத்துக்கு அடுத்தபடியாகத் தைப்பட்டத்தைக் கொண்டனர். சனவரி நடுப்பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும்; மண்ணில் ஈரம் இருக்கும்; காலை வெயில் இதமாக இருக்கும். தையில் விதைத்தால் கீரையை மாசியிலும், காய்களைப் பங்குனியிலும் பறிக்கத் தொடங்கலாம். கடும் வெயில் வருமுன் தோட்டத்தின் பெரும்பணி முடிந்துவிடும். உடல் தேறிவரும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை.

முதலில் சில காலம் பொறுக்க வேண்டியவர்கள்

மண் உயிருள்ளது. அதில் செடிக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களோடு, எதிர்ப்பாற்றல் குன்றியவருக்குத் தீங்கு செய்யும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வாழ்கின்றன. நலமுள்ளவர் உடல் அவற்றை அன்றாடம் எதிர்த்து வெல்கிறது. பின்வருவோருக்கு அந்த ஆற்றல் தற்காலிகமாகக் குறைந்திருக்கும்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர் முதல் வகையினர். பெரும்பாலான மருந்துகளில், ஊசி ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். இந்நாள்களில் மண்ணைக் கிளறுதல், எரு அள்ளுதல், வாடிய இலைச் சருகுகளைக் கூட்டுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மக்கிய குப்பையிலும் பழைய வைக்கோலிலும் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் மிகுதி. அவற்றைக் கிளறும்போது எழும் தூசி மூச்சோடு நுரையீரலுக்குள் சென்றுவிடும். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் ஒரு சிறு முள் கீறல்கூட நெடுநேரம் இரத்தம் கசியச் செய்யும்.

சிறுநீரகம், கல்லீரல், எலும்பு மச்சை ஆகிய மாற்றுச் சிகிச்சை பெற்றோர் இரண்டாம் வகையினர். முதல் சில மாதங்களில் இவர்களுக்கு மண்வேலை கூடாது. எப்போது தொடங்கலாம் என்பதைச் சிகிச்சைக் குழுவே சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் கையுறையும் என்-95 முகக்கவசமும் இன்றி மண்ணைத் தொடலாகாது. நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோரும் இவ்வெச்சரிக்கையைக் கடைப்பிடிப்பது நன்று.

அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் மூன்றாம் வகையினர். காயம் முழுதும் ஆறித் தையல் பிரிக்கும்வரை மண் வேண்டாம். மார்பைத் திறந்து இதய அறுவை செய்திருந்தால், மார்பெலும்பு கூடி உறுதிபெற ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை நீர் நிறைந்த வாளியையோ மண் நிரம்பிய தொட்டியையோ தூக்குதலும் இழுத்தலும் கூடாது.

இம்மூவகையினரும் தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. அவர்கள் செய்யத்தக்கவற்றைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் கூறியுள்ளோம்.

எச்சரிக்கையோடு ஈடுபடலாம்

நீரிழிவு நோயாளிகள் தோட்டவேலை செய்யலாம். அது நல்ல உடலுழைப்பும்கூட. ஆனால் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்குதல் கூடவே கூடாது. பல ஆண்டுகள் நீரிழிவு இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். முள் தைத்ததும் கண்ணாடிச் சில்லு குத்தியதும் தெரியாமற் போய், சிலநாள் கழித்துச் சீழ் கோத்த பின்னரே தெரியவரும். விரல்கள் மூடிய காலணி அணிய வேண்டும். அணியுமுன் அதனுள் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கண்பார்வை குறைந்தவராயின் வீட்டிலுள்ள வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா மெலியோய்டோசிஸ் என்னும் கடுமையான தொற்றை உண்டாக்குகிறது. தென்னிந்தியாவிலும் காணப்படும் இந்நோய் நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரகக் கோளாறு, மிகுந்த மதுப்பழக்கம் ஆகியவை உள்ளோரையே பெரிதும் தாக்குகிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றினால் லெப்டோஸ்பைரோசிஸ் வரும். இரண்டும் தோல் காயம் வழியாக உடலுக்குள் புகக்கூடியவை. கையுறையும் காலணியும் இவ்விரண்டுக்கும் எளிய தடுப்பு.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஃபிஸ்டுலா உள்ள கையால் பாரம் தூக்கலாகாது. அக்கையில் கீறல் படாதபடி முழுக்கைச் சட்டை அணியலாம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர் குழாய் வெளிவரும் இடத்தை நன்கு மூடிக்கொள்ள வேண்டும். நீர்மம் மாற்றும் அறையில் தொட்டிச் செடி எதையும் வைக்கலாகாது.

ஆஸ்துமா உடையோர் காய்ந்த மண்ணையும் நார்க்கழிவையும் முதலில் நீர் தெளித்து நனைத்த பின்னரே கையாள வேண்டும். பார்த்தீனியம் செடியை வெறுங்கையால் பிடுங்குதல் கூடாது. அது தோலிலும் மூச்சுப்பாதையிலும் ஒவ்வாமையைத் தூண்டும்.

அனைவருக்கும் பொதுவான ஒன்று டெட்டனஸ் தடுப்பூசி. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊக்க ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது நினைவில் இல்லையெனில், தோட்டம் தொடங்குமுன் எங்கள் புறநோயாளிப் பிரிவில் கேளுங்கள். எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் உங்கள் மருத்துவரைக் கலந்த பின்னர் போட்டுக்கொள்ளலாம்.

இடமும் உயரமும்

காய்தரும் செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். கீரைகளுக்கும் புதினாவுக்கும் 3 அல்லது 4 மணி நேரம் போதும். திட்டமிடும் நாளில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் வெயில் விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்பணியை நோயாளியே நாற்காலியில் அமர்ந்தபடி செய்யலாம்.

மொட்டைமாடி பலருக்குத் தோன்றும் முதல் இடம். ஆனால் இதய நோயாளிக்கோ, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவருக்கோ, நாளுக்கு இருமுறை மாடிப்படி ஏறுவது இயலாமற் போகலாம். அப்படியாயின் அத்தோட்டம் பேணுவோரின் தலையில் விழும் இன்னொரு வேலையாகிவிடும். படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே, முற்றத்தில், வாசல் திண்ணையோரம், பால்கனியில் என நோயாளியின் கண்ணுக்கு எட்டிய இடமே சிறந்தது. பெரிய மாடித்தோட்டத்தைவிட, கண்முன் உள்ள ஐந்து தொட்டிகள் மிகுந்த பயன் தரும்.

குந்தி அமர்வதும் குனிவதும் பலருக்குக் கூடாத செயல்கள். மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், முதுகுத்தண்டு அறுவை செய்தோர், மூச்சிரைப்பு உள்ளோர் ஆகியோருக்குச் செடிகள் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய மேசை அல்லது செங்கல் அடுக்கிப் போட்ட பலகையின்மேல் தொட்டிகளை வைத்து, மண்ணின் மேற்பரப்பு நாற்காலியில் அமர்ந்தவரின் இடுப்புக்கும் மார்புக்கும் இடையில் வருமாறு செய்யலாம். சக்கரநாற்காலியில் இருப்பவராயின் பலகையின் அடியில் முழங்கால் நுழைய இடம் விட வேண்டும். பலகை ஆடாமல் நிற்கிறதா என்பதை இருமுறை சோதியுங்கள்.

பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவருக்குக் களைக்கொத்தின் கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தால் பிடிப்பு எளிதாகும். வலுவிழந்த கையைத் தொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொள்ளப் பழக்கலாம். இயன்முறை மருத்துவரிடம் கூறினால் விதையிடுதல், களையெடுத்தல் ஆகியவற்றை அன்றாடக் கைப்பயிற்சியின் பகுதியாகவே அமைத்துத் தருவார்.

தொட்டியும் மண்கலவையும்

குரோ பேக் எனப்படும் செடிப்பை மலிவானது. ஆனால் அதன் எடையை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பையில் வெறும் மண்ணை நிரப்பி நீரூற்றினால் 20 கிலோவுக்கு மேற்படும். ஆகவே பையை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, அங்கேயே சிறுகச் சிறுக நிரப்ப வேண்டும். நிரப்பிய பின் நகர்த்தலாகாது. மாடியில் வைப்போர் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவர்களும் உத்தரங்களும் தாங்கும் ஓரங்களில் வைக்க வேண்டும்.

செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு எனக் கலந்தால் எடை குறைந்து, நீர் தேங்காத மண்கலவை கிடைக்கும். கட்டியாக விற்கும் நார்க்கழிவை முதல்நாள் நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துக. கலக்கும் வேலையைத் திறந்தவெளியில், கலவையை நனைத்த நிலையில், நலமுள்ளவர் செய்யட்டும். பச்சைச் சாணத்தை இடவே கூடாது. அதன் சூடு வேரைக் கருக்கும். அதிலுள்ள கிருமிகள் கீரையில் ஒட்டும். பஞ்சகவ்யம், அமிர்தக்கரைசல் போன்றவற்றைப் பயன்படுத்துவோர், எதிர்ப்பாற்றல் குறைந்தவர் உள்ள வீட்டில் அவற்றை உண்ணும் இலைகளின்மேல் தெளிக்காமல் இருப்பது நன்று.

எதை எப்போது விதைப்பது?

முதன்முறை தொடங்குவோர் ஐந்து அல்லது ஆறு தொட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெற்றி கண்ட பின் பெருக்கலாம்.

தை முதல் வாரத்தில் கொத்தமல்லியும் வெந்தயமும் விதைக்கலாம். இவை குளுமை விரும்புபவை. பங்குனியில் விதைத்தால் இலை பெருகுமுன்னே பூத்துவிடும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். வெந்தயக்கீரையை ஏறத்தாழ 25 நாளில் பறிக்கலாம்.

அதே வாரத்தில் முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை ஆகியவற்றை அகலமான தொட்டிகளில் தூவலாம். கீரை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். நீரைப் பூவாளியால் மெதுவாகத் தெளிக்க வேண்டும். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 முதல் 30 நாளில் வேரோடு பிடுங்கத் தயாராகும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மீண்டும் மீண்டும் தழைக்கும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை முதலில் நாற்றாக வளர்த்து, 25 முதல் 35 நாளில் பிடுங்கி நட வேண்டும். நாற்றுப்பண்ணையில் நாற்றாகவே வாங்கினால் ஒரு மாதம் மிச்சம். தக்காளிக்குக் கோடை இரவின் புழுக்கம் ஆகாது, பூ உதிரும். ஆதலால் அதைத் தாமதமின்றித் தையிலேயே நடுக. கத்தரி வெயிலைத் தாங்கும்.

வெண்டையையும் கொத்தவரையையும் நேராகத் தொட்டியில் விதைக்கலாம். வெண்டை விதையை முதல்நாள் இரவு ஊறவைத்தால் விரைவில் முளைக்கும். 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். நான்கைந்து செடிகளாவது இருந்தால்தான் ஒருவேளைப் பொரியலுக்குத் தேறும். சுரை, பீர்க்கு, புடல், பாகல் ஆகிய கொடிகளுக்குப் பந்தல் தேவை. பந்தல் கட்ட ஏணியில் ஏறும் வேலையை நோயாளி செய்தல் ஆகாது.

பங்குனி பிறந்ததும் பச்சை நிழல்வலை கட்டி, காலை மாலை இருவேளையும் நீர் ஊற்றினால் செடிகள் சித்திரையைத் தாண்டும்.

தோட்டத்திலிருந்து அடுக்களைக்கு

நம் வீட்டில் விளைந்தது யாவும் நமக்கு நல்லது என்னும் எண்ணம் இயல்பானது. நோயாளியைப் பொறுத்தவரை இது எப்போதும் உண்மையன்று. இப்பகுதியைப் பேணுவோர் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோரும், இரத்தம் உறைதலைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை உட்கொள்வோரும் கீரையின் அளவில் கவனம் கொள்ள வேண்டும். கீரைகளில் உள்ள வைட்டமின் கே இம்மருந்துகளின் செயலைக் குறைக்கிறது. கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ண வேண்டும். தோட்டம் வைத்த வீட்டில் நேர்வது என்னவெனில், விளைந்த மாதம் நாள்தோறும் கீரை, தீர்ந்த மாதம் ஒன்றுமில்லை. முதல் நிலையில் வால்வில் இரத்தம் உறையும் அபாயம். இரண்டாம் நிலையில் இரத்தக்கசிவு அபாயம். ஆகவே ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் விதைக்காமல், பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக விதையுங்கள். உணவில் மாற்றம் நேர்ந்தால் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோரில் பலருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி கூறியிருப்போம். கீரைகள், முருங்கைக்கீரை, தக்காளி ஆகியவற்றில் அது மிகுதி. பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்தால் இதயத்துடிப்பே நின்றுவிடக்கூடும். இவர்கள் வீட்டுத் தோட்டத்தில் சுரை, பீர்க்கு, புடல், வெள்ளரி ஆகியவற்றுக்கு இடம் கொடுப்பது தகும். காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் ஊறவைத்து, பின் வேறு நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். வடித்த நீரை இரசத்திலோ சூப்பிலோ சேர்க்கலாகாது. நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் ஒரு துண்டும் உண்ணலாகாது. அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கி, விக்கல், குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். பிலிம்பிக் காயின் சாற்றை மருந்தென்று குடிப்பதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி.

நீரிழிவு நோயாளிகள் பாகற்காயைக் கறியாக உண்ணலாம். ஆனால் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் மாற்றாக அதன் சாற்றைக் கொள்ளலாகாது.

சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கங்காய் ஆகியவற்றைச் சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துச் சுவைத்துத் துப்பிப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் என்னும் பொருள் கடும் வாந்தி, இரத்த வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு ஆகியவற்றை உண்டாக்கும். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு இதனை ஆராய்ந்து எச்சரித்துள்ளது.

வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் தோட்டத்து விளைச்சலைப் பச்சையாக உண்ணலாகாது. மேலே தூவும் கொத்தமல்லியையும் கொதிக்கும் குழம்பில் இட்டு வேகவைத்தே உண்ண வேண்டும்.

நீர், பூச்சி, நஞ்சு

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரே டெங்குக் கொசுவின் தொட்டில். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று எல்லாத் தட்டுகளையும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும். நீர்சேமிக்கும் தொட்டிகளுக்கு மூடி வேண்டும்.

அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குளிர்பானப் புட்டியில் சிறிதளவு வாங்கி வைப்பது குழந்தைகளுக்கும், நினைவாற்றல் குன்றிய முதியோருக்கும், மனச்சோர்வில் இருப்போருக்கும் ஆபத்து.

அழகுக்காக வளர்க்கும் செடிகளிலும் நஞ்சு உண்டு. அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு ஆகியவை உயிரைப் பறிக்கக்கூடியவை. மறதிநோய் உள்ளோர் கண்ணில் பட்டதை வாயில் இடுவது உண்டு. அவர்கள் வாழும் வீட்டில் இச்செடிகள் வேண்டாம்.

காலை 9 மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மருந்தும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் உட்கொள்வோர் திடீரென எழுந்தால் தலைசுற்றும். மெதுவாக எழ வேண்டும். நீரளவு கட்டுப்படுத்தப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள், வெயிலில் வேர்த்தால் எவ்வளவு நீர் பருகலாம் என்பதை முன்னரே கேட்டுக்கொள்க. ஈரத்தரையில் நீர்க்குழாய் கிடந்தால் தடுக்கும். பயன்படுத்திய உடன் சுருட்டிவிடுக.

பேணுவோருக்கு ஒரு சொல்

நோயுற்ற ஒருவர் வீட்டில் இழப்பவற்றுள் முதன்மையானது முடிவெடுக்கும் உரிமை. என்ன உண்பது, எப்போது உறங்குவது, யாரைச் சந்திப்பது என எல்லாவற்றையும் மற்றவர் முடிவு செய்கின்றனர். நல்லெண்ணத்தால் நிகழ்வதே எனினும் அது அவரை மெல்ல மெல்ல விருந்தாளியாக்கிவிடுகிறது. தோட்டம் அவ்வுரிமையில் சிறிதளவைத் திருப்பித் தரவல்லது.

மண்ணைத் தொடக்கூடாதவருக்கும் தோட்டத்தில் வேலை உண்டு. எந்தத் தொட்டியில் எதை விதைப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். விதைத்த தேதியையும் முளைத்த தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். எந்த இலை வாடுகிறது, எதற்கு நீர் வேண்டும் என்று சன்னலருகே அமர்ந்து அவர் கூற, பேரப்பிள்ளைகள் செய்யட்டும். பல்லாண்டு மண்ணோடு பழகியவருக்குத் தெரிந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. அவரிடம் கேட்பது உபசாரமன்று. தோட்டத்துக்கு அது தேவை.

உங்களுக்கும் ஓர் அளவு வேண்டும். மருந்து கொடுத்து, சமைத்து, மருத்துவமனைக்கு அழைத்து வந்து, அலுவலகமும் சென்று திரும்பும் உங்கள் நாளில் மிஞ்சுவது கால்மணி நேரமெனில், கால்மணி நேரத்தில் பேணக்கூடிய தோட்டமே உங்களுக்கு ஏற்றது. ஒரு பருவம் செடி காய்ந்துபோனால் அது யார் குற்றமும் அன்று. ஆடிப்பட்டம் மீண்டும் வரும்.

தோட்டம் நோயைத் தீர்க்கும் என நாங்கள் கூறவில்லை. மருந்துக்கு மாற்றாகவும் அதைக் கொள்ளாதீர்கள். காலையில் எழுந்து பார்க்க ஒன்று இருக்கிறது என்பது, நீண்ட சிகிச்சையில் இருப்பவருக்கு எத்தகைய துணை என்பதை மட்டும் எங்கள் பணியில் கண்டறிந்திருக்கிறோம்.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

கீமோதெரபி பெறுவோருக்கோ மாற்றுச் சிகிச்சை பெற்றோருக்கோ 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், இரவாயினும் காத்திராமல் வாருங்கள். மண்வேலைக்குப் பின் சில நாள்களில் குளிர்காய்ச்சல், கடும் தசைவலி, கண் மஞ்சளாதல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் வருவதோடு, மண்ணில் வேலை செய்ததையும் மருத்துவரிடம் கூறுங்கள். நோயைக் கண்டறிய அது பெரிதும் உதவும். நீரிழிவு நோயாளியின் காலில் சிவப்பு, வீக்கம், கொப்புளம், கசிவு எது கண்டாலும் அன்றே காட்டுங்கள். முள்ளோ ஆணியோ ஆழமாகக் குத்தினால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால் மீண்டும் தேவைப்படலாம். பாம்பு தீண்டினால் இறுகக் கட்டுதலோ கீறுதலோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விரைந்து கொண்டுவாருங்கள்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது ஒரு தாளில் உங்கள் வீட்டில் வெயில் விழும் இடத்தையும், நீங்கள் வளர்க்க விரும்பும் செடிகளின் பெயரையும் எழுதி எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டோடு அதையும் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் காட்டுங்கள். எதை வளர்க்கலாம், எதை உண்ணலாம், எந்த வேலையை யார் செய்யலாம் என்பதை அவர்கள் அத்தாளிலேயே குறித்துத் தருவார்கள். கிளம்பும் நேரத்தில் தயங்கிக் கேட்க வேண்டிய கேள்வியன்று அது. இருக்கையில் அமர்ந்ததும் முதலிலேயே கேளுங்கள்.